இடது தோளில் நின்ற மழை

இருதயத்துக்குத் துணையாக ஒரு மிஷினை இடது காறையெலும்பின் கீழே வைத்துத் தைத்துக்கொண்டு ரத்தினபுஷ்பம் ஊர் திரும்பிய அன்று, டவுன் பஸ் சிப்பிமேட்டு வளைவில் ஒரு குலுக்கு குலுக்கியதும், வலது கையில் ஆஸ்பத்திரிப் பை இருந்த காரணத்தால் இடது கையை உயர்த்தி மேல்கம்பியைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில், பங்குனி வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த வானத்திலிருந்து சடசடவென்று மழை இறங்கி, பாத்திகளில் முற்றி வாருவதற்குக் காத்திருந்த உப்பையெல்லாம் கரைத்துவிட்டுப் போயிற்று. உப்பளத்தை நம்பி வாழ்கிற ஊரில் மழையை யாரும் வாழ்த்துவதில்லை. கரைந்த உப்பைப் பார்த்து ஊர் மழையைத் திட்டியது. பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பார்த்து, "உசிரோட வந்தியே, அது போதும்" என்று கண் கலங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மழை, அவள் அடுப்படியில் மேல்தட்டுச் சீரக டப்பாவை எடுக்கக் கை நீட்டியபோது பெய்தது. அதற்கடுத்தது, ஈரச் சேலையைக் கொடியில் எறிந்தபோது. மூன்றாம் மழைக்கு அவளுடைய நாத்தனார் எசக்கியம்மாள், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அளத்திலிருந்து நேரே வந்து வாசலில் நின்று, கொடியில் கிடந்த சேலையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மைனி, நீங்க இப்ப கையத் தூக்குனீயளா?"

"சேல காயப் போட்டேன்."

"முந்தாநாளு?"

"சீரகம் எடுத்தேன்."

"ஊருக்கு வந்த அன்னைக்குப் பஸ்ஸுல?"

ரத்தினபுஷ்பம் யோசித்துவிட்டு, கம்பியைப் பிடித்ததாகச் சொன்னாள்.

"நல்லாப் பிடிச்சீய போங்க. இனிமே சீரகத்த நான் எடுத்துத் தாரேன். அந்தக் கைய மொதல்ல கீழ வைங்க."

அன்று மாலையே கங்காணி தவசிக்கண் வந்தார். அளத்தில் வேலை வாங்குகிறவரும் அவர்தான், ஆண்டுக்கொருமுறை அம்மன் கொடை விழாவை நடத்திவைக்கிறவரும் அவர்தான். ஆகவே சிப்பிமேட்டில் எந்தக் காரியம் நடந்தாலும், அது மண்ணைச் சேர்ந்ததோ விண்ணைச் சேர்ந்ததோ, முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடப்படும். நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, "தாயி, வலிக்காம கொஞ்சமா ஒசத்திக் காட்டு" என்றார். முழங்கை இடுப்பைத் தாண்டியபோது மேற்கே மேகம் கூடியது. மார்பளவு வந்தபோது தூறியது. "போதும், போதும், எறக்கு" என்று தவசிக்கண் எழுந்துவிட்டார். தோளுக்கு நேராக வந்தால் என்ன ஆகும் என்பது பஸ்ஸில் வந்த மழையிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. மிஷினில் உள்ள கம்பிதான் மேகத்தை இழுக்கிறது என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். அப்படியானால் டவுனில் மிஷின் வைத்திருக்கிறவர்களெல்லாம் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று இன்னொருவன் கேட்டான். அதற்குமேல் பேச நேரமில்லை, பாத்திகளில் மறுபடியும் உப்பு பூத்துக்கொண்டிருந்தது.

கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். உள்ளே விட்ட கம்பிகள் இருதயத்தில் பற்றிப் பிடிக்க ஆறு வாரமாகும், அதுவரைக்கும் கவனம் என்று அவர் சொன்னதை ரத்தினபுஷ்பத்தின் கணவன் சுடலைமணி ஊர் வந்து எல்லாரிடமும் ஒப்பித்திருந்தான். அதை ஊர் தனக்குத் தெரிந்த ஒரே வகையில் புரிந்துகொண்டது. கொடைக்குப் பந்தல்கால் நட்டதும் சிப்பிமேட்டில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வெளியில் தங்கக் கூடாது, கட்டிய கைதான் அதை அவிழ்க்க வேண்டும், இடையில் அறுத்தால் குற்றம் ஊரைச் சேரும். டாக்டர் சொன்னதும் ஒரு காப்புதானே என்று தவசிக்கண் சொன்னபோது, அவர் அதைத் தந்திரமாகச் சொல்லவில்லை, மனதார நம்பியே சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் அம்மன் சந்நிதியில் ஊர் கூடி நிற்க, மஞ்சளில் நனைத்த வேட்டித் துண்டைத் தூளிபோல மடித்து, ரத்தினபுஷ்பத்தின் இடது கையை அதில் கிடத்தி, பிடரியில் முடிச்சுப் போட்டார். குலவை இட்டார்கள். அவளுக்கும் அப்போது அது இதமாகவே இருந்தது. தையல் போட்ட இடம் கனத்துக்கொண்டிருந்தது, கையைத் தாங்க ஒரு துணி இருந்தது, ஊரே பார்த்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் மறந்தார்கள். கொடைக் காப்பென்றால் அவிழ்க்கும் நாளைச் சொல்லிவிட்டுத்தான் கட்டுவது வழக்கம். இன்ன கிழமை கட்டு, இன்ன கிழமை அவிழ்ப்பு என்று தவசிக்கண் உரக்கச் சொல்ல, ஊர் திருப்பிச் சொல்லும். அன்றைக்கு அவர் சொல்லவில்லை. ஆறு வாரம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஊரும் கேட்கவில்லை. நாள் சொல்லாமல் கட்டிய காப்பு சிப்பிமேட்டில் அதுதான் முதல்.

அன்றிலிருந்து ஒரு துளி விழவில்லை. சித்திரையில் வழக்கமாக வந்து போகிற கோடை மழையும் பனங்காட்டு ஓரம் வரை வந்து, கூப்பிடாத விருந்தாளியைப்போல நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. உப்பு மல்லிகை மொட்டளவு மணியாக விளைந்தது. ஊர்ப் பெண்கள் ரத்தினபுஷ்பத்தை முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் எடுத்து வைத்தாள், ஒருத்தி துவைத்தாள், ஒருத்தி தலை வாரிவிட்டாள். ஆளுக்கொரு விதமாக வாரினார்கள், ஒருத்தி வேரோடு இழுத்துப் பின்னினால், மறுநாள் ஒருத்தி அதை அவிழ்த்து, "யாரு இப்படிக் கயிறு திரிச்சது?" என்று கேட்டு, கழுத்தில் சரியும்படி தளரக் கட்டிவிட்டாள். எல்லாருக்கும் அவள் நன்றி சொன்னாள். காலையில் நன்றி, மத்தியானம் நன்றி, விளக்கு வைக்கிற நேரத்தில் நன்றி. மிஷின் இருதயத்தைப் பார்த்துக்கொண்டது. நன்றி சொல்வது மட்டும் அவள் பொறுப்பில் இருந்தது. அதிலேயே பாதி உயிர் களைத்துப்போயிற்று.

மேற்கேயுள்ள கரிசல் ஊர்க்காரர்கள் சேதி கேள்விப்பட்டு, வாழைத்தாரும் தேங்காயுமாக ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். எங்கள் கண்மாயில் வண்டல் வெடித்துக் கிடக்கிறது என்றார்கள்.

"முழுக் கை வேண்டாம் தாயி. ஒரு அரைக் கை. கம்பு வெதைக்கிற அளவுக்கு."

ரத்தினபுஷ்பம் வாய் திறப்பதற்குள் எசக்கியம்மாள் முந்திக்கொண்டாள். "அரைக் கையா? இங்க கால் கை தூக்குனாலே எங்க உப்பு கஞ்சித் தண்ணியாப் போகும். எங்க மைனி கையி என்ன கண்மாய் மடையா, வேணும்போது தொறந்து விட?"

"உப்பு போட்டுத் திங்க மட்டும் எங்க கம்பஞ்சோறு வேணும்லா உங்களுக்கு?"

"உங்க கம்பஞ்சோத்துக்கு உப்பு வேண்டாமா? போட்டுக்காமத் தின்னு பாருங்க."

வந்தவர்கள் வாழைத்தாரை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன திசையையே ரத்தினபுஷ்பம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையைப் பற்றி இத்தனை பேர் பேசினார்களே, கை வலிக்கிறதா என்று ஒருவர் கேட்கவில்லையே என்று நினைத்தாள். பிறகு, வாழைப்பழத்தை உரித்துத் தரக்கூட ஒருத்தி வேண்டியிருப்பதை நினைத்து, எசக்கியம்மாளைக் கூப்பிட்டாள்.

கை வலித்தது. முதலில் மிஷின் இருந்த இடம்தான் வலித்தது. ரவிக்கையின் தோள்விளிம்பு அதன்மேல் உரசும்போது, தோலுக்குள் ஒரு தீப்பெட்டியை வைத்துத் தைத்ததுபோல் இருக்கும். பிறகு அது ஆறிவிட்டது. வலி அங்கிருந்து கிளம்பித் தோள்மூட்டுக்குக் குடிபோயிற்று. இடப்பக்கம் ஒருக்களிக்க முடியாது, வலப்பக்கம் ஒருக்களித்தால் இடது தோள் தொங்கி இழுக்கும், மல்லாந்தால் முதுகு எரியும். தூளிக்குள் கிடந்த கை நாளாக ஆகத் தன் கையென்ற நினைப்பையே இழந்தது; யாரோ ஒருவர் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன பொருளைப்போல அதை அவள் சுமந்துகொண்டு நடந்தாள்.

ஆறு வாரம் முடிந்ததும் கிராம நர்ஸ் ஸ்டெல்லா வந்து தையல் தழும்பைப் பார்த்தாள். பிறகு தூளியைப் பார்த்தாள்.

"இன்னுமா இதக் கழட்டல? இனிமேதான் கையை அசைக்கணும்க்கா. குனிஞ்சு நின்னு கையத் தொங்கவிட்டு ஆட்டணும், செவத்துல வெரலால நடந்து மேல ஏறணும். இல்லன்னா தோளு எறுகிப் போகும்."

"தூக்குனா மழ பெய்யும் சிஸ்டர்."

"பெய்யட்டும்க்கா. மழைக்கு மருந்து இருக்கு, கொடயப் பிடிச்சுக்கிடலாம். எறுகுன தோளுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?"

காப்பை அவிழ்க்கச் சொல்லி ரத்தினபுஷ்பம் தவசிக்கண்ணிடம் ஆள் அனுப்பினாள். "இந்த வாட்டி உப்ப வாரிக்கிடட்டும் தாயி" என்று பதில் வந்தது. வாரி முடிந்ததும் கேட்டாள். "குவிச்ச உப்பு அம்பாரம் லாரி ஏறட்டும்" என்றார். லாரி ஏறுவதற்குள் அடுத்த பாத்தி பூத்துவிட்டது. உப்பளத்தில் ஒரு பாத்தி வாருகிறபோது பக்கத்துப் பாத்தி எப்போதும் பூத்துக்கொண்டுதான் இருக்கும். அதில் அவருடைய குற்றம் ஒன்றுமில்லை. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, தூளிக்குள்ளேயே கையை மெல்ல முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்த்தாள். வெளியே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "மைனி! மேகம் தெரியுது!" ஆட்டுவதை நிறுத்தினாள். கதவைத் தட்டிய கைக்கும் நன்றி சொல்லவேண்டுமோ என்று ஒரு கணம் குழம்பினாள்.

ஐப்பசி வந்தது. கடற்கரை முழுவதும் அடைமழை என்று வானொலி சொன்னது. சிப்பிமேட்டில் வெயில் அடித்தது. ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே பட்டினி மாதங்கள். பாத்திகள் குளமாகி, வேலை நின்று, அடுப்பு ஒருவேளை எரியும். அந்த வருடம் மூன்று வேளையும் எரிந்தது. ஐப்பசியில் மீன் வாங்கினோம் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள். ரத்தினபுஷ்பத்தின் வீட்டுக்கு எந்த வீட்டில் என்ன பொரித்தாலும் ஒரு கிண்ணம் வந்தது. அவள் அந்தக் கிண்ணங்களைப் பார்த்தபோது, வலியை மறந்து, இதற்காக ஒரு தோள் போனால்தான் என்ன என்றும் ஒருநாள் நினைத்ததுண்டு.

ஆனால் பட்டினி மாதம் பட்டினிக்கு மட்டும் உரியதல்ல என்பது மெல்லத்தான் தெரிந்தது. வேலை இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் சிப்பிமேடு தூங்கும். வெடித்த பாதங்கள் அந்த மாதங்களில்தான் மூடும், உப்பின் வெள்ளை ஒளியில் வெந்த கண்கள் சிவப்பு மாறும், பெண் பார்க்கப் போவதும் பேசி முடிப்பதும் அப்போதுதான். அந்த வருடம் யாரும் பெண் பார்க்கப் போகவில்லை. சுடலைமணி சோற்றைப் பிசைந்த கையோடு உட்கார்ந்தபடியே உறங்கிப்போனான். அளத்தில் உப்பு வாரும் பலகை இழுக்கிற பெண்கள் பலகையின்மேல் சாய்ந்து நின்றவாறே கண் சொருகினார்கள். பிறகு தோள்கள் வலிக்கத் தொடங்கின. முதலில் உப்புப் பெட்டி சுமக்கிறவர்களுக்கு, பிறகு வாருகிறவர்களுக்கு, கடைசியில் குடைபிடித்து நிற்கிற தவசிக்கண்ணுக்கும். தலை வாரிவிட வந்த பெண்கள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, தோள் வலிக்கு என்ன செய்யுதீய?" என்று அவளிடமே கேட்டார்கள். ஒன்றும் செய்வதில்லை என்று அவள் சொன்னாள். வந்தவர்களும் அவளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தலை அன்று வாரப்படவில்லை.

கார்த்திகையில் ஸ்டெல்லா மறுபடியும் வந்தாள். தூளிக்கு அடியில் கைவிட்டு மூட்டை அசைத்துப் பார்த்தாள். மூட்டு அசையவில்லை, தோள்பட்டை முழுவதும் ஒரே கட்டையாக நகர்ந்தது. ஸ்டெல்லா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, இதுக்கு மேல விட்டா நீங்களே ஆசப்பட்டாலும் தூக்க முடியாது. அப்புறம் இந்த ஊருக்கு மழையே கெடையாது, உங்களுக்குக் கையும் கெடையாது. யோசிச்சுக்கிடுங்க."

ரத்தினபுஷ்பம் யோசிக்கவில்லை, யோசிப்பதற்கும் தெம்பு வேண்டும். உச்சி வெயிலில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தூளியும் தானுமாக வரப்பின்மேல் நடந்து, வேலை நடந்துகொண்டிருந்த பாத்திக்கே போனாள். முடிச்சைத் தானே அறுத்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அரிவாள்மணை வீட்டில்தான் இருந்தது. ஆனால் அறுப்பது வேறு, அவிழ்ப்பது வேறு. இத்தனை நாள் பொறுத்தது ஊர்மேல் குற்றம் சேர்ப்பதற்கல்ல.

"அண்ணாச்சி, அவுத்து விடுங்க."

பலகைகள் நின்றன. தவசிக்கண் குடையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பொறு தாயி. தை வரட்டும்."

"தை வந்தா என் கையி வராது."

"வாரது பசி, தெரியுமா? இந்த மழை எறங்குச்சுன்னா நாளையிலேருந்து ஊரு பட்டினி. சின்னப் பிள்ளைக இருக்கு."

"பசி எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? முப்பது ஐப்பசி நானும் இதே வரப்புல பசிச்சவதான். பசிச்சா இன்னொரு நாளு திங்கலாம். இது போச்சுன்னா போச்சு." அவள் குரல் உயரவில்லை. "வம்புக்கு வரல. சொல்லிட்டுச் செய்யணும்னு வந்தேன். அம்பாரத்த மூடுங்க. மூடி முடியுற மட்டும் நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். தவசிக்கண் எசக்கியம்மாளைப் பார்த்தார், மைனிக்குப் புத்தி சொல்லுவாள் என்று. எசக்கியம்மாள் கையிலிருந்த பலகையை வரப்பில் சாய்த்தாள்.

"என்னய எதுக்குப் பாக்கீய? எனக்கும் தோளு கழண்டு போச்சு. கீத்து எங்க கெடக்குன்னு சொல்லுங்க."

அவள் போனாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி போனாள், பிறகு பெட்டி சுமப்பவர்கள். வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்ற அம்பாரங்களின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, கயிறு போட்டு, கல் கட்டினார்கள். எப்போதும் மேகத்தைக் கண்டால் ஓடி ஓடிச் செய்கிற வேலை அது, அன்றைக்கு ஓடவில்லை. இனி நாளைக்கு வேலை இல்லை என்று தெரிந்தவர்கள் கடைசி வேலையைச் செய்கிற நிதானத்தில், பேச்சில்லாமல், நடுநடுவே நின்று தோளைத் தடவிக்கொண்டு செய்தார்கள். வெயில் சாய்ந்தபோது அளம் முழுவதும் கூரைகளாக நின்றது.

தவசிக்கண் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் வந்து நின்றார். எழுந்து நின்றவளின் பிடரி முடிச்சுக்குக் கைகளைக் கொண்டுபோனார். கைகள் மார்பளவு போய் நின்றுவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் உயர்த்தினார். அதற்குமேல் போகவில்லை.

"போகமாட்டேங்கு தாயி" என்றார், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். ரத்தினபுஷ்பம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் வெட்கப்படுவார். மெல்ல முழங்கால் மடக்கி, உப்புச் சேற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையையும் குனிந்துகொண்டாள். அவருடைய கைக்கு எட்டுகிற உயரத்துக்கு அவளுடைய பிடரி வந்தது. வியர்வையிலும் உப்பிலும் இறுகிக் கல்லாகியிருந்த முடிச்சு, அவருடைய நகத்துக்கு வெகுநேரம் பிடிகொடுக்காமல் இருந்து, பிறகு விட்டது.

துணி விழுந்தது, கை விழவில்லை. தூளி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, மடங்கியபடி மார்போடு நின்றது. எசக்கியம்மாள் முன்னால் வந்து மண்டியிட்டு, முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். "மெல்ல, மைனி. அவசரமில்ல. எங்களுக்கு இனிமே ஒரு வேலையுமில்ல." கை எழுந்தது. காய்ந்த ஓலை மடங்குவதுபோல் தோளுக்குள் ஏதோ நெரிந்தது. மேற்கே மேகம் கூடியது. முழங்கை மார்பளவு வந்தபோது தூறல் கீற்றுகளில் பொரிந்தது. தோளுக்கு ஒரு சாண் கீழே கை நின்றுவிட்டது. அவள் கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். கூட்டம் முழுவதும் அவளோடு சேர்ந்து மூச்சு வாங்கியது. மறுபடி எழுப்பினாள். தோளுக்கு நேராக வந்தது. எட்டு மாதமாகப் பனங்காட்டுக்கு அப்பால் நின்றிருந்த மழை, நின்ற களைப்பெல்லாம் தீர, சிப்பிமேட்டில் வந்து உட்கார்ந்தது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. யாரும் திட்டவுமில்லை. நனைந்தபடி வீடுகளுக்குப் போனார்கள். சிலர் சாப்பிட்டார்கள், பலர் சாப்பிடவில்லை. விளக்கு வைப்பதற்கு முன்பே ஊர் தூங்கிவிட்டது. ஆடுகளும் குரல் கொடுக்காத தூக்கம் அது. ரத்தினபுஷ்பம் மட்டும், கையைத் தலையணையின்மேல் நீட்டி வைத்துக்கொண்டு, வலியோடு, அது தன்னுடைய வலி என்கிற ஒரு சிறிய திருப்தியோடு, நெடுநேரம் விழித்துக் கிடந்தாள்.

காலையில் தவசிக்கண் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முகம் தூக்கத்தில் வீங்கியிருந்தது. மழை சற்று விட்டிருந்தது. நாற்காலி போடப்போனவளை வேண்டாமென்று தலையசைத்தார்.

"இன்னைக்கும் தூக்குவியா தாயி?"

"தூக்கணும் அண்ணாச்சி. தெனமும் தூக்கச் சொல்லியிருக்காவ. நேத்தைவிட ஒரு வெரக்கடை கூட."

அவர் மூடிக் கிடந்த அம்பாரங்கள் இருந்த பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப சரி. நான் போயிப் படுக்கேன்" என்றார்.